ஒப்பீட்டுப் பட்டியலில் தேறிய தூண்டில்கள்

சாலமோனின் வாழ்க்கையில் எல்லாமே தற்காலிக ஏற்பாடாகத்தான் நடந்தது. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில், அடுத்த வீட்டிலிருந்து இரவல் வாங்கிவந்த கட்டிலில் பிறந்தார். மூன்றாம் நாள் கட்டிலைத் திருப்பிக் கேட்டார்கள். அன்று தரைக்கு வந்தவர், பிறகு எதிலும் நிலையாக ஏறி உட்காரவில்லை என்பதுதான் அவருடைய வாழ்க்கை வரலாற்றின் சாரம். மீதி எல்லாம் விவரம்.

அவருடைய அப்பா ஊரார் நிலத்தில் ஏர் பிடித்தவர். மகனாவது நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று மிஷன் பள்ளியில் சேர்த்தார்; டைப்ரைட்டிங்கில் ஹையர் வரை தேற வைத்தார். 1984-இல், கல்பாக்கம் போகும் சாலையில் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் மகனுக்கு நிழல் கிடைத்தது. உட்காரவும் கிடைத்தது. நாற்காலி மட்டும் வேறு ஒருவர் பெயரில் இருந்தது. அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே அவசியமில்லை. பதினைந்து வருடம் உழைத்தவரின் பெயரை அது தன் பதிவேட்டில் எழுதவில்லை. பதிலுக்கு நாமும் எழுதாமல் விடுவதுதான் மரியாதை.

கொள்முதல் பிரிவில் தினக்கூலி எழுத்தர் என்பது அவருடைய பதவி. தொண்ணூறு நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் ஆள் நிரந்தரம் கேட்டுவிடுவான் என்று மேலிடத்துக்கு ஒரு பயம். அதனால் எண்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் சாலமோனை நீக்கிவிடுவார்கள். ஒரு நாள் அவர் உலகத்தில் இல்லாதவர். அதற்கு மறுநாள் காலை புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். இப்படி அறுபது முறை வேலை போய், அறுபது முறை வேலை கிடைத்தது. அறுபது முறையும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் சேர்ந்தார். கல்யாணத்தைக்கூட அந்த ஒரு நாள் இடைவெளியில்தான் வைத்துக்கொண்டார். லீவு எடுத்தால் நிரந்தரத்துக்குப் பாதகம் வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மறுநாள் ஒன்பதரை மணிக்கு மாப்பிள்ளை சீட்டில் இருந்தார். கழுத்தில் மாலை போட்ட அரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அந்த அலுவலகம் அவருக்குச் சம்பளத்தைவிட மேலான ஒன்றைக் கற்றுக் கொடுத்தது. ஒப்பீட்டுப் பட்டியல். எதை வாங்கினாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்க வேண்டும். மூன்றையும் கட்டம் போட்டு எழுத வேண்டும். குறைந்த விலைக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட வேண்டும். அதை வாங்க வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசனை மேலதிகாரிகளுக்கு உரியது, அவர்களும் அதைப் பயன்படுத்துவதில்லை.

ஒரே ஒருமுறை சாலமோன் யோசித்துவிட்டார். 1991-இல் அலுவலகத்துக்கு விளக்குமாறு வாங்கினார்கள். விலை குறைந்த விளக்குமாறு கையில் எடுத்ததுமே உதிர்ந்தது. இரண்டாவது விலைக்காரரின் விளக்குமாறு கெட்டியாக இருந்தது. 'தரம் கருதி இரண்டாவது விலைப்புள்ளியை ஏற்கலாம்' என்று ஒரு வரி டைப் அடித்து வைத்தார். ஆடிட் வந்தது. 'தரம் கருதியவர் யார்? கருதுவதற்கு அவருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளதா?' என்று கேட்டது. அதே மாதம் அவரை நிரந்தரமாக்கும் கோப்பு ஒன்று மேலே போயிருந்தது. அது மாடிப்படி பாதி ஏறிய நிலையில் திரும்பி வந்தது. அதன்பிறகு சாலமோன் எதையும் கருதவில்லை.

1999-இல் அந்தப் பிரிவின் வேலையை ஒரு காண்டிராக்டருக்குக் கொடுத்தார்கள். எண்பத்தொன்பதாம் நாள் போனவர் தொண்ணூற்றொன்றாம் நாள் சலவைச் சட்டையோடு வந்தபோது, வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. சாலமோன் வெளியில் நின்று பதினோரு மணிவரை பார்த்தார். பிறகு சட்டை கசங்கக் கூடாதே என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த ஒரு ரிசார்ட்டில் ஸ்டோர்ஸ் பார்க்க ஆள் தேடினார்கள். சோப்பு, துண்டு, சமையல் எண்ணெய், பல்பு. சாலமோன் சேர்ந்தார். ஆறு மாதம் தகுதிகாண் பருவம் என்றார்கள். ஆறு மாதம் முடிந்ததும், தகுதி கண்ணுக்குத் தெரியவில்லை போல, இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள். 2002 நவம்பரில் ஐந்தாவது நீட்டிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வயது நாற்பத்தைந்து. நிரந்தர ஊழியருக்குத்தான் வைத்தியக் காப்பீடு. ரெஜினாவின் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் நாள் குறிக்காமல் டாக்டர் காத்திருந்தார். பையன் சாம் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான். ஆகவே நிரந்தரம் என்பது சாலமோனுக்கு வெறும் ஆசை என்ற நிலையைத் தாண்டிப் போயிருந்தது.

அந்த மாதம் ஒருநாள் மேனேஜர் பாலசுப்ரமணியன் கூப்பிட்டார்.

"உட்காருங்க சாலமோன்."

சாலமோன் பயந்துபோய் உட்கார்ந்தார். உட்காரச் சொன்னவர்கள் யாரும் அதுவரை நல்ல செய்தி சொன்னதில்லை.

"முதலாளி மாலத்தீவு போயிருந்தார். அங்க டிரோலிங் பண்ணாராம். டிரோலிங்னா தெரியுமா?"

"தெரியாது சார். மூணு எடத்துல கேட்டுட்டு வந்து சொல்றேன் சார்."

"வேணாம், நானே சொல்லிடறேன்." பாலசுப்ரமணியன் விளக்கினார். படகு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் தூண்டிலில் ஒரு பொய் மீனைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். நிஜ மீன் அதைச் சாப்பாடு என்று நம்பித் துரத்திக்கொண்டே வந்து கவ்வும். இந்தத் தத்துவம் சாலமோனுக்கு உடனே புரிந்தது. மீனின் தரப்பிலிருந்து அவருக்குப் பதினெட்டு வருட அனுபவம் இருந்தது.

"நம்ம ரிசார்ட்லயும் அதை ஆரம்பிக்கணுமாம். ரெண்டு ராடு, ரெண்டு ரீல், மத்த சாமான் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள்ள. அதுக்கு மேல கேட்டா என்னையத்தான் தூண்டில்ல மாட்டுவார். டிசம்பர் இருபது ஹாலந்துலேர்ந்து ஒரு பல் டாக்டர் வர்றார். அவர் மீனைப் புடிச்சிட்டு நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். பிரௌச்சருக்கு. போட்டோ வந்துட்டா..." மேஜை டிராயரை இழுத்து ஒரு காகிதத்தைக் காட்டினார். "ஃபிஷிங் இன்சார்ஜ், பெர்மனென்ட். ஜனவரி ஒண்ணுலேர்ந்து. டைப் பண்ணி வெச்சிருக்கேன். உங்க பேர்தான்."

சாலமோன் காகிதத்தைத் தொடவில்லை. தலைகீழாகவே தன் பெயரைப் படித்தார். எழுத்துப் பிழை இல்லை.

ரிசார்ட்டின் விருந்தாளிகளைக் கடலில் சுற்றிக் காட்ட வரதன் என்பவரின் ஃபைபர் படகை வாடகைக்கு எடுப்பார்கள். வெண்புருஷம் குப்பத்துக்காரர், சாலமோன் வயதுதான். அவரிடம் யோசனை கேட்க சாலமோன் போனபோது வரதன் எஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ராடு எதுக்கு சாரு? கை கீதே." வரதன் ஒரு மரக்கட்டையை எடுத்துக் காட்டினார். அதில் தங்கூசி, அதாவது நைலான் நரம்பு, சுற்றியிருந்தது. நுனியில் ஒரு தூண்டில் முள். முள்ளின் மேல் வெள்ளைக் கோழி இறகும், சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித் தாளும் வைத்துக் கட்டியிருந்தது. "எங்கப்பன் காலத்துலேர்ந்து இத்தான் வுட்டுகினு போறோம். சூரை, வஞ்சிரம் அல்லாம் இதுல வுழுது. வஞ்சிரத்துக்கு இன்னா இங்கிலீசா தெரியும்?"

"வெள்ளக்காரருக்கு ராடுதான் வேணுமாம்ப்பா. எப்டி வாங்கறதுன்னு சொல்லு. டப்பு கம்மி."

வரதன் கையைத் துடைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். "அப்ப இத்தக் கேளு. ராடு சுமாரா இருந்தா போதும். குட்டையா, கெட்டியா. கீற டப்ப அல்லாம் ரீலு மேல போடு. மீனு இஸ்த்துகினு ஓடுது பாரு, அப்ப ரீலு கொஞ்சம் கொஞ்சமா வுட்டுக் குடுக்கணும். ரொம்ப வுடவும் கூடாது, கப்புனு புடிக்கவும் கூடாது. அந்த பிரேக்கு நல்லா இருக்கணும். அப்புறம் ராடு, ரீலு, தங்கூசி மூணையும் ஒரே கடையில, ஒண்ணோட ஒண்ணு மாட்டிப் பாத்து வாங்கு. தனித்தனியா வாங்கின, பேஜாரு அண்ணாத்த. பொய் மீனு நான் கட்டித் தரேன், சும்மாவே."

ஒருவர் தொழிலைப் பற்றி இவ்வளவு குறைவான சொற்களில் இவ்வளவு சரியாகச் சொல்வது அபூர்வம். சாலமோன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அடியில், 'வாய்மொழிக் கருத்து. எழுத்து மூலம் பெறப்படவில்லை' என்றும் எழுதினார். வரதனின் பொய் மீனைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் பெரிது. அதற்கு விலை இல்லை. விலை இல்லாததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, சாலமோன் பட்டணத்தில் மூன்று நாள் அலைந்தார். முதல் கடை பிராட்வேயில் ஒரு சந்துக்குள் இருந்தது. கடைக்கார பாய் ஒரு குட்டை ராடை எடுத்து, அதில் ஒரு கறுப்பு ரீலை மாட்டி, தங்கூசியின் நுனியைச் சாலமோனிடம் கொடுத்தார்.

"இஸ்த்துகினு அந்தக் கோடி வரைக்கும் போங்க சார்."

சாலமோன் இழுத்துக்கொண்டு நடந்தார். ரீல் முறைத்துக்கொள்ளாமல், கெஞ்சாமல், ஒரே சீராக விட்டுக் கொடுத்தது. 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அவர் நின்றதும் அதுவும் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருள் தன்னிடம் மரியாதையாக நடந்துகொண்டது போல அவருக்கு இருந்தது. வரதன் சொன்னது இதைத்தான் என்று விரலுக்குப் புரிந்தது. கழுத்துக்கு மேலேயும் புரிந்தது. அங்கேதான் 1991-இன் விளக்குமாறு இருந்தது.

"செட்டு ஒம்போதாயிரம்."

"எனக்கு ரெண்டு ராடு, ரெண்டு ரீலு வேணும் பாய்."

"எத்தினி மீனு புடிக்கணும்?"

"ஒண்ணு போதும். போட்டோவுக்கு."

"அப்ப ஒரு செட்டு போதுமே சார்."

"ஆர்டர்ல ரெண்டுன்னு இருக்கு. நீங்க ராடுக்குத் தனியா, ரீலுக்குத் தனியா, தங்கூசிக்குத் தனியா கொட்டேஷன் குடுங்க."

பாய் அவரை நெடுநேரம் பார்த்தார். "முப்பது வருசமா யாவாரம் பண்றேன். பிரியாணில அரிசிக்குத் தனி ரேட்டு, கறிக்குத் தனி ரேட்டு கேக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்." ஆனாலும் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்துவிட்டு, "நாளைக்கு வருவீங்க, எடுத்து வெக்கிறேன்" என்றார். அந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை.

பர்மா பஜாரில் ஒரு கடை. மண்ணடியில் வலைச் சாமான் விற்கும் ஒரு கடை. மூன்று விலைப்புள்ளிகளும் சேர்ந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, சாலமோன் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தார். மூன்று கடைகள், நான்கு பொருள்கள், பன்னிரண்டு கட்டங்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டபோது அவர் முகத்தில் இருந்த அமைதியைப் பிரசங்கம் கேட்டபோதுகூட யாரும் பார்த்ததில்லை. ராடில் பர்மா பஜார் குறைவு. ரீலிலும் பர்மா பஜார், ஆனால் வேறு கம்பெனி. தங்கூசியில் மண்ணடி. பொய் மீனில் மறுபடி பர்மா பஜார். பிராட்வே பாய் நான்கிலும் தோற்றார்.

ரெஜினா காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "வரதன் அண்ணன் ஒரே கடையில வாங்கச் சொன்னாருன்னு நீதான சொன்ன?"

"சொன்னாரு. அவரு கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரா?"

"அந்த பாய் கடை ரீலு நல்லா கீதுன்னும் நீதான் சொன்ன. ராத்திரி சோறு துன்னும்போது 'கிர்ர்'னு சத்தம்லாம் போட்டுக் காமிச்ச."

"எனக்கு நல்லா இருந்தா போதுமா? பேப்பர்ல வரணும். நாளைக்கு ஒருத்தன் கேப்பான், கம்மி வெல இருக்கச்சொல்ல ஏன் அதிகத்துக்கு வாங்கினன்னு. எழுதி வெச்சிருக்கற ஆர்டர் கிழிஞ்சிடும் ரெஜினா."

"கேட்டா நல்லா இருந்துச்சின்னு சொல்லு."

"ஒரு தடவ சொன்னேன்."

ரெஜினா நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். "ஏன் சாம் அப்பா, என்னியும் மூணு எடத்துல கேட்டுத்தான் கட்டினியா?"

சாலமோன் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, கேள்விக்கு உரிய கவனத்தோடு பதில் சொன்னார். "இல்ல. அது சிங்கிள் டெண்டர். வேற யாரும் கலந்துக்கல."

பாலசுப்ரமணியன் பட்டியலைப் பார்த்து மகிழ்ந்துபோய்க் கையெழுத்திட்டார். பத்தாயிரத்தில் பாதிக்கும் மேல் மிச்சம். "இதான் சாலமோன், உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது" என்றார். பதினெட்டு வருடத்தில் சாலமோனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதற்கும் ரசீது இல்லை.

சாமான்கள் வந்து சேர்ந்தன. ராடு ஒவ்வொன்றும் குழாய்க்குள் குழாயாக மடங்கி ஒரு முழம்தான் இருந்தது. இழுத்தால் பன்னிரண்டு அடி நீண்டது. கரையில் நின்று தூரமாக வீசுவதற்குச் செய்தது. ரீல் தங்க நிறத்தில், பொம்மைக் கல்யாணத்துக்கு வாங்கிய சீர்வரிசை போல மின்னியது; ஏரி, குளத்துக் கெண்டைக்கு ஏற்றது. அதன் கால் ராடின் பிடியில் உட்காரவில்லை. தங்கூசி ஆடு கட்டும் அளவுக்குத் தடிமன். அந்தக் குட்டி ரீலில் முப்பது மீட்டருக்கு மேல் சுற்ற இடமில்லை. பொய் மீனுக்கு மட்டும் குறை சொல்ல முடியாது. அது சிரித்த முகமாக இருந்தது.

படகில் வைத்து எல்லாவற்றையும் பார்த்த வரதன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"இன்னா சாரு, இத்த வெச்சிகினு மாங்கா அடிக்கப் போறியா?"

"எதுனா பண்ணு வரதா. இருவதாந்தேதி போட்டோ எடுத்தாவணும்."

"திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிக்கினு வாயேன்."

சாலமோன் ரசீதைக் காட்டினார். விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்று அதில் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. வாங்கிய இரண்டு கடையிலும் மற்றதெல்லாம் வேறுபட்டாலும் அந்த ஒரு வாசகம் ஒன்றாக இருந்தது. வரதன் ஒரு பழைய சைக்கிள் டியூபை அறுத்து, ரீலை ராடோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். விபத்தில் கால் ஒடிந்தவனுக்குக் கட்டுப் போட்டது போல் இருந்தது.

"சின்ன மீனு வுழுந்தா தாங்கும்," என்றார். "பெருசு எதுவும் வராம உன் சாமியாண்ட வேண்டிக்க."

சாலமோன் அப்படியே வேண்டிக்கொண்டார். வேதாகமத்தில் மீன் நிறைய வரவேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. சிறிதாக வரவேண்டும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

டிசம்பர் இருபதாம் தேதி காலை ஆறு மணிக்குப் படகு கிளம்பியது. ஹாலந்து பல் டாக்டர் எழுபது வயதுக்காரர், சிவந்த மனிதர், எதைப் பார்த்தாலும் சந்தோஷப்படும் சுபாவம். அவருடைய மனைவி தூக்கத்தை விட்டு வரவில்லை. பாலசுப்ரமணியன் கேமராவோடு வந்தார். கடற்கரைக் கோயில் சிறிதாகத் தெரியும் தூரம் போவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்து, பிறகு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பின்பக்கம் இரண்டு ராடுகளும் பிளாஸ்டிக் குழாய்களில் சொருகப்பட்டு, பேருந்து கூரையில் கட்டிய கரும்பு போல ஆடின. பொய் மீன்கள் தண்ணீரில் சிரித்துக்கொண்டே வந்தன.

ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. டாக்டர் அதற்கும் சந்தோஷப்பட்டார்.

பிறகு இடது ராடு வளைந்தது.

"வஞ்சிரம்!" என்று வரதன் கத்தினார். "பெருசு! வுடு சாரு, வுட்டுக் குடு!"

சாலமோன் ராடைப் பிடித்தார். விட்டுக் கொடுக்க அவர் தயார். வாழ்நாள் முழுக்கச் செய்தது அதுதானே. ரீல்தான் தயாராக இல்லை. அது ஒரு நொடி சுற்றியது. முப்பது மீட்டரும் தீர்ந்தது. உள்ளே ஏதோ பிளாஸ்டிக் பல் உடையும் சத்தம் கேட்டது. பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். சைக்கிள் டியூப் கட்டு மட்டும் கெட்டியாக நின்றது. ரீலிலிருந்து அவிழ்ந்த தங்கூசியின் முடிச்சு ராடின் நுனி வளையத்தில் மாட்டிக்கொண்டதால், மீன் ராடையே இழுத்தது. குழாய்க்குள் இருந்த குழாய், அதற்குள் இருந்த குழாய் என்று ராடு ஒவ்வொரு பாகமாகக் கழன்று, வரிசையில் நின்று கடலுக்குள் போயிற்று. கடைசியில் சாலமோன் கையில் ஒரு முழப் பிடியும், அதில் கட்டிய தங்க நிற ரீலும் மிஞ்சின. மீனுக்குக் கிடைத்தது பத்தரை அடி.

"ரெண்டாவத எடு!" என்றார் வரதன். சாலமோன் இரண்டாவது ராடின் ரீலைச் சுற்றப் போனார். கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜனவரி ஒன்று கடலில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. பாலசுப்ரமணியன் கண்ணைத் திறந்து, "ஆச்சா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.

வரதன் தன் மரக்கட்டையை எடுத்தார். கோழி இறகைத் தண்ணீரில் விட்டு, தங்கூசியை விரலில் மாட்டிக்கொண்டு, படகை வட்டமாகத் திருப்பினார். அடுத்த வட்டத்தில் விரல் இழுத்தது. அவர் டாக்டரைக் கூப்பிட்டு, உள்ளங்கையில் துண்டைச் சுற்றிவிட்டு, தங்கூசியைக் கொடுத்தார். "வுடு... இப்ப இஸு... வுடு..." டாக்டருக்குத் தமிழ் தெரியாது, வரதனுக்கு டச்சு தெரியாது, மீனுக்கு இரண்டும் தெரியாது. கால் மணி நேரத்தில் ஆறு கிலோ வஞ்சிரம் படகுக்குள் விழுந்து துள்ளியது. டாக்டர் அழுதே விட்டார். வரதனைக் கட்டிப்பிடித்தார். மீனைக் கட்டிப்பிடித்தார். பாலசுப்ரமணியன் எழுந்து நின்று போட்டோ எடுத்தார்.

போட்டோ நன்றாக வந்திருந்தது. சிரிக்கும் டாக்டர், நடுவில் மீன், பக்கத்தில் மரக்கட்டையோடு வரதன். ஓரத்தில் ஒரு கையும் அதில் ஒரு ரீல் கைப்பிடியும் தெரிந்தன. பிரௌச்சருக்காக அந்த ஓரத்தை வெட்டினார்கள்.

போட்டோ வந்துவிட்டதால் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று சாலமோன் பத்து நாள் நம்பினார். எழுத்துப்படி பார்த்தால் அப்படித்தான். யார் பிடிக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லவில்லை. விருந்தாளி கையில் மீன் வேண்டும் என்றுதான் சொன்னார். ரெஜினாவிடம் இதை மூன்று முறை விளக்கினார். அவளும் கட்டியைப் பார்க்கும் டாக்டரிடம் போய் ஜனவரியில் நாள் குறிக்கலாமா என்று கேட்டுவிட்டு வந்தாள்.

டிசம்பர் முப்பத்தொன்று காலை பாலசுப்ரமணியன் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

"முதலாளிக்கு போட்டோ ரொம்பப் புடிச்சிருக்கு. அந்த மரக்கட்டைதான் ஒரிஜினலாம். ராடெல்லாம் வேணாம்ங்கறார். அந்தக் கட்டையோட நிக்கிற ஆளை பெர்மனென்ட் பண்ணுன்னு சொல்லிட்டார். நான் என்ன பண்றது சாலமோன், சொல்லுங்க."

 சொல்வது சாலமோனின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகத் தெரியவில்லை.

"புது ஆர்டர் ஒண்ணு டைப் பண்ணிடுங்க. வரதனோட முழுப் பேரு, அப்பா பேரு எனக்குத் தெரியாது. அந்த எடத்தக் காலியா விடுங்க, நான் சைன் போட்டுத் தரேன். அவர்கிட்ட கேட்டு நீங்களே எழுதி, கையில குடுத்துடுங்க. நான் மத்தியானம் லீவு."

பழைய ஆர்டரைப் பார்த்துத்தான் புதியதை டைப் அடிக்க வேண்டியிருந்தது. சாலமோன் ஒரு பிழைகூட விடவில்லை. மருத்துவக் காப்பீடு பற்றிய பத்தியில் ஒரு கால்புள்ளி விட்டிருந்தது; அதையும் சேர்த்தார்.

வரதன் கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா போட்டுகீது?"

"உனக்கு நிரந்தர வேல. மாசம் நாலாயிரத்து ஐநூறு. காலையில எட்டு மணிக்கு வரணும். வைத்தியச் செலவு உண்டு. ஞாயித்துக்கெழம லீவு."

"மாசா மாசம் ஒரே சம்பளமா? மீனு ஜாஸ்தி பட்டா?"

"பட்டாலும் அதே."

"படாட்டி?"

"படாட்டியும் அதே."

வரதன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வாணாம் சாரு. எட்டு மணிக்கு நான் கடல்ல இருப்பேன். டூரிஸ்டு வந்தா சொல்லியனுப்பு, இட்டுகினு போறேன், வாடக குடு. இதுல போய் மாட்டிக்கினா எம்புள்ளங்க சிரிக்கும்."

சாலமோனால் நம்ப முடியவில்லை. நிரந்தரத்தை ஒரு மனிதன் வேண்டாம் என்று சொல்வதை அவர் அதுவரை பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில் பாயசத்தை வேண்டாம் என்று சொல்வது போல, இலையைக் கையால் மறைத்துச் சொல்லிவிட்டார்.

"நல்லா யோசிச்சிச் சொல்லு வரதா."

"யோசிக்க இன்னா கீது?" வரதன் மறுபடி காகிதத்தை எட்டிப் பார்த்தார். "பேரு எழுதற எடம் காலியா கீதே? கையெழுத்து மட்டும் கீது?"

"ஆமா. உன் பேரு எழுதத்தான்."

"உன் பேர எழுதிக்கயேன்."

சாலமோன் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"அட, நெஜமாத்தான் சொல்றேன் சாரு. உனக்குத்தான ஆவணும்? எளுது. எவன் வந்து பாக்கப் போறான்? மொதலாளி போட்டாவுலதான் பாக்கறான். மேனேஜர் கேட்டா, வரதன் வாணாம்னுட்டான், எழுதச் சொன்னான்னு சொல்லு. நான் வந்து சொல்றேன். அவரும் மனுசன்தான், ஏற்கெனவே உன் பேருலதான எழுதி வெச்சிருந்தாரு?"

சாலமோன் படகின் விளிம்பில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். காலி இடம் மூன்று அங்குலம் இருந்தது. அவர் பெயர் அதில் தாராளமாக அடங்கும். அப்பா பெயரும் சேர்த்தேகூட. கையெழுத்து நிஜம். தேதி நிஜம். ரெஜினாவின் கட்டியும் நிஜம். பாலசுப்ரமணியன் ஒருவேளை பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு சரி என்று சொல்லியிருப்பார். அந்த மனிதருக்குக் கடலில் போனால்தான் வயிறு புரளும், மற்றபடி நல்லவர்.

வரதன் பாசியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலமோன் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தார். பிறகு அதைத் திருப்பி, பின்பக்கத்தில், நிதானமான கையெழுத்தில் எழுதினார்: 'சம்பந்தப்பட்ட நபர் பணியினை ஏற்க விரும்பவில்லை. தக்க ஆணைக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது.'

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். 'தக்க' என்ற சொல்லில் கொஞ்சம் நம்பிக்கை ஒளிந்திருப்பது போல அவருக்குப் பட்டது.

"இன்னா எளுதின?"

சாலமோன் படித்துக் காட்டினார்.

வரதன் கையிலிருந்த பாசியை மணலில் எறிந்தார். பிறகு வலைப்பக்கம் திரும்பிக்கொண்டு, "எந்திரி சாரு, படகத் தள்ளணும்" என்றார்.

ஜனவரி இரண்டாம் தேதி தக்க ஆணை வந்தது. வாடகைப் படகே போதும் என்பதால் அந்தப் பதவி தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டது. பாலசுப்ரமணியன் இரண்டு ஆர்டர்களையும் சேர்த்து நான்காகக் கிழித்து, பின்பக்கம் வெற்றாக இருந்த துண்டுகளை மட்டும் பொறுக்கிச் சாலமோனிடம் கொடுத்தார். "ஸ்டோர்ஸுக்கு ஆகும், வெச்சிக்குங்க." கூடவே தகுதிகாண் பருவத்தின் ஆறாவது நீட்டிப்பையும் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ரெஜினா வாசலிலேயே கேட்டாள்.

"இன்னா சாம் அப்பா, ஆச்சா?"

"ஆறு மாசம் போவட்டும்னாங்க."

அவள் டாக்டர் சீட்டை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டு, சோறு வடிக்கப் போனாள். சாலமோன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அது சலவைச் சட்டை. மறுநாளும் போட்டுக்கொள்ளும்படி, கசங்காமல் மாட்டினார்.